ஐந்து மணிக்குப் பின் படம் இல்லை

1

போன வெள்ளிக்கிழமை ஆல்பம் கைக்கு வந்தது. கடப்பைக்கு விடுமுறையில் போய்த் திரும்பிய ரமணம்மா, ஊறுகாய் பாட்டிலுக்கும் புடவைகளுக்கும் நடுவில் வைத்துத் தன் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். "இதுக்காகவே ரெண்டு கிலோ அரிசி மாவ எடுத்து வெளிய வெச்சேன், தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே என் மடியில் பொத்தென்று போட்டாள். ரமணம்மா இந்தத் தெருவில் நான்காவது வீட்டில் வேலை செய்கிறவள். தெலுங்குக்காரி. என்னோடு பேசிப் பேசித் தமிழும் வந்துவிட்டது. நான் இந்த வீட்டில் சமையல். குவைத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

என் மகள் தேவகிக்குக் கல்யாணம் ஆகி வருகிற வாரத்தோடு ஒரு வருஷம். ஸ்டூடியோக்காரர் ஆல்பம் போட இத்தனை நாள் எடுத்துக்கொண்டார். கையில் வந்தும் அதைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. என்ன இருக்கும் என்பதற்காகப் பயம் இல்லை. எந்த இடத்தில் நின்றுபோயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் வரும் என்ற பயம்தான்.

நான் ஆந்திராவில் வடமாலபேட்டைப் பக்கத்துக்காரி, வீட்டில் தமிழ். ஐந்தாவது வரைக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது எதிரே யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்குக் கல்யாணம் என்றால் நேரில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது. எங்களைப் போன்றவர்களுக்கு அது ஃபோனில் நடக்கிற காரியம். பணம் இங்கிருந்து போகும். சத்தம் அங்கிருந்து வரும். அவ்வளவுதான்.

2

தேவகிக்கு நாலு வயதாகும்போது அவள் அப்பா இறந்துபோனார். என் தம்பி முனிரத்தினம் எங்கள் இருவரையும் சித்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் மாம்பழக் கூழ் கம்பெனியில் லாரி எடை போடும் இடத்தில் வேலை செய்கிறான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். ஒரு வருஷம் அங்கே இருந்து பார்த்துவிட்டு நான் இங்கே வந்துவிட்டேன். தம்பி மனைவி சரோஜாதான் பிள்ளையை வளர்த்தாள். தேவகி சரோஜாவை அம்மா என்பாள். என்னைக் குவைத்தம்மா என்பாள். சின்ன வயதில் யாரோ விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தது, அப்படியே நின்றுவிட்டது. எனக்கு வருத்தம் இல்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊர் போவேன். கல்யாணம் பேசும்போது கடைசியாக ஊர் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தேவகி திருப்பதியில் ஒரு லேபில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறாள். கூட இருப்பவர்களோடு தெலுங்கு, வேலையில் இங்கிலீஷ். என்னிடம் மட்டும் தமிழ். அந்தத் தமிழும் விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி இருக்கும். "சாப்ட்டியாமா? உடம்பு எப்படி இருக்குது?" அதற்கு மேல் போகாது. நானும் ஒழுங்கில்லை. பேச்சுவாக்கில் முடிந்தது என்பதை "கலாஸ்" என்று அரபியில் சொல்லிவிடுவேன். அவள் சிரிப்பாள். அவள் சிரிக்கட்டும் என்று சில சமயம் வேண்டுமென்றே சொல்வேன்.

அவளுக்குக் காது குத்தியபோது நான் இல்லை. பெரியவளானபோதும் இல்லை. அந்தச் சடங்கில் எடுத்த படம் மொத்தம் பதினொன்று. எது எந்த வரிசையில் என்று எனக்கு மனப்பாடம். நாலாவது படத்தில் யாரோ குறுக்கே நடந்து போகிறார்கள், அவள் முகம் பாதிதான் தெரியும். அந்த மறைந்த பாதியை நான் எத்தனையோ வருஷம் தேடியிருக்கிறேன்.

3

ஏர்பேட்டுப் பக்கம் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் சம்பந்தம் கூடியது. நல்ல மனிதர்கள். கல்யாணம் திருப்பதியில் மண்டபத்தில். நான் போவதில்லை என்று முதலிலேயே முடிவு. எனக்கு அறுபத்தொன்று. இங்கே இருக்கும் அனுமதிக் கார்டு முடிய மூன்று மாதம்தான் பாக்கி. இந்த வயதில் ஊருக்குப் போனவர்களை மறுபடி கூப்பிடாமல் விட்ட கதை இந்தத் தெருவிலேயே இரண்டு உண்டு. நான் போய், வேலையும் போய்விட்டால், கல்யாணத்துக்கு வாங்கிய கடனை யார் அடைப்பது?

அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன். ஃபோட்டோகிராஃபரை நான்தான் பேசி முடிப்பேன் என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அடம்பிடித்தது அது ஒன்றுதான்.

"இன்னாக்கா இது. மண்டபம் நான் பாக்கறேன், சாப்பாடு நான் பாக்கறேன். ஃபோட்டோக்காரன் உனுக்கு எதுக்கு? அங்க உக்காந்துகினு இன்னா பண்ணுவ?" என்றான் தம்பி.

"அத மட்டும் எனக்கு உட்டுடுடா."

"சரி, உட்டேன். பொண்ணு மூஞ்சி கருப்பா வந்துச்சுன்னா என்ன வந்து கேக்காத."

சித்தூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மோகன் என்பவர் நம்பர் கிடைத்தது. அவர் முதலில் அனுப்பிய கணக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். பறக்கிற கேமரா, மண்டபத்தில் பெரிய திரை, கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாக வெளியூர் போய் எடுக்கும் படம், இரண்டு ஆல்பம். என் நாலு மாதச் சம்பளம் அது. ரொட்டி உறையைக் கிழித்து அதன் பின்னால் ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்தேன்.

"எல்லாரும் எடுக்கறாங்கமா. தலகோனா அருவில நின்னுகினு எடுத்தா சூப்பரா இருக்கும்" என்றாள் தேவகி.

"தண்ணில நனஞ்சா சளி புடிக்கும்."

"உனக்குக் காசுன்னு சொல்லு, சளின்னு சொல்லாத."

அது உண்மை. கடைசியில் அறுபத்தைந்தாயிரத்தில் முடிந்தது. ஒருவர் படம், ஒருவர் வீடியோ, நாற்பது தாள் ஆல்பம் ஒன்று. முன்பணம் இருபதாயிரம், கொடுத்தால் திரும்பாது. பணம் அனுப்பும் கடையில் வரிசையில் நின்று, கன்னியம்மா என்று என் பெயரைத் தமிழில் எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன். அங்கே இருக்கும் மலையாளத்துப் பையன் எப்போதும் பொறுமையாகக் காத்திருப்பான்.

மோகன், யார் யாரைத் தவறாமல் எடுக்க வேண்டும் என்று பட்டியல் கேட்டார். முப்பத்தொரு பேர் எழுதி அனுப்பினேன்.

"உங்க பேரு இல்லியேமா?"

"நான் வரலப்பா."

"வந்தாலும் வரலன்னாலும் எழுதி வெப்பாங்க எல்லாரும்" என்றார். நான் எழுதவில்லை.

4

தப்பு எங்கே நடந்தது என்று இப்போது சொல்கிறேன்.

முகூர்த்தம் குறித்த அன்று, மாப்பிள்ளை வீட்டுப் புரோகிதர் எழுதிய தாளைத் தம்பி ஃபோனில் படித்தான். புதன்கிழமை, விடியற்காலை நாலு மணி பன்னிரண்டு நிமிஷம். எங்கள் வீட்டில் புதன்கிழமை விடியற்காலை என்றால் செவ்வாய் ராத்திரி படுத்து எழுந்த உடனே. அடுப்பு மேடைக்கு மேலே தொங்கும் காலண்டரில் விரல் வைத்து எண்ணி, செவ்வாய் சாயங்காலம் முதல் புதன் மத்தியானம் வரை என்று மோகனுக்குத் தேதி சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கல்யாணப் பத்திரிகை அப்போது அச்சாகவில்லை. நல்ல முகூர்த்த மாசம், ஆள் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவசரப்பட்டேன்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. முழுக்கத் தெலுங்கு. வெள்ளிக்கிழமை பூங்காவில் உட்கார்ந்திருக்கும்போது ரமணம்மாவிடம் காட்டினேன். பெருமைக்குத்தான் காட்டினேன்.

"வியாழக்கிழம காலைல தாலியா? நல்ல நாள்" என்றாள்.

"புதன்கிழம."

"தாள்ல புதன்கிழமதான் அக்கா. புதன்கிழம ராத்திரி போயி, விடியறதுக்கு முன்ன. எங்காளுங்களுக்கு சூரியன் வந்தாதான் கெழம மாறும். அதுவரைக்கும் இருட்டெல்லாம் முந்தின நாளு கணக்கு. தேதி பாரு, கீழ போட்டிருக்குது."

பார்த்தேன். நான் சொன்ன தேதிக்கு மறுநாள் தேதி.

தம்பிக்கு இது தெரியாமல் இல்லை. அவன் அவர்கள் நடுவிலேயே இருக்கிறவன், மண்டபத்தைச் சரியான நாளுக்குத்தான் எழுதியிருந்தான். நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. ஃபோட்டோக்காரனை எனக்கு விட்டுவிட்டானே.

"இன்னாக்கா, மூஞ்சி இப்படி ஆயிருச்சு? ரத்தக் கொதிப்பு மாத்திர போட்டியா?" என்றாள் ரமணம்மா.

5

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியம்மா உண்டு, வீட்டம்மாவின் தாய். அவரைத் திருப்பிப் படுக்க வைப்பதும் கஞ்சி ஊட்டுவதும் நான்தான். ஒரு வேளை ஊட்ட மறந்து, பாத்திரத்தைக் கழுவியும் வைத்துவிட்டேன். சோற்றில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். வீட்டம்மா ஒரு வாய் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. வயதாகிவிட்டது என்று நினைக்கிறார் என்று அதற்கும் பயந்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மோகனைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்கமா. எல்லாம் ரெடி, ஒண்ணும் பயப்படாதீங்க."

"தேதி தப்பாப் போச்சுப்பா."

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. நான் சரியான தேதியைச் சொன்னேன்.

"நீங்க சொன்ன தேதிதானமா நான் எழுதிகினேன். வியாழக்கிழம புத்தூர்ல கோயில் கல்யாணம் ஒத்துக்கினேனே. ஏழரைக்குத் தாலி."

"மாஃபி… வேற வழி இல்லியா?" பதற்றத்தில் இல்லை என்பது அரபியில் வந்துவிட்டது.

அவர் மறுபடி தாளைப் புரட்டினார். பிறகு சொன்னார். "புதன்கிழம சாய்ங்காலம் காலியாத்தான் கீது. வந்துடறேன். தாலி கட்றது, அரிசி போட்டு விளையாடறது, அதெல்லாம் எடுத்துத் தரேன். விடியக்காலம் சரியா அஞ்சு மணிக்குக் கேமராவ மூடிட்டுக் கெளம்பிருவேன். அதுக்கு மேல நீங்க வேற ஆளத்தான் பாக்கணும். இதுக்கு மேல என்னால முடியாதுமா."

ஐந்து மணிக்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர்கள் வழக்கத்தில் பெண்ணை ஒப்படைப்பது இருக்கிறது. ஒரு தட்டில் பால் வைத்து, பெண்ணின் இரண்டு கையையும் அதில் நனைத்து, தாய் தன் கையாலேயே எடுத்து மாமியார் கையில் கொடுப்பாள். அந்த இடத்தில் சரோஜா நிற்பதாகப் பேச்சு. அந்தப் படத்துக்காகத்தான் இவ்வளவு அடம் பிடித்தேன் என்றும், அந்தப் படத்தைப் பார்க்கத்தான் இத்தனை நாளும் பயந்தேன் என்றும் அப்போதுதான் எனக்கே விளங்கியது.

6

தம்பியிடம் சொன்னேன். அவன் கிண்டல் செய்வான் என்று பார்த்தேன், செய்யவில்லை. "உடுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பதியில் வேறு ஸ்டூடியோக்களில் விசாரித்தான். அந்த நாளுக்கு ஒருவர்தான் அகப்பட்டார். மூன்று மணி நேரத்துக்கு இருபத்தெட்டாயிரம் கேட்டார்.

மறுபடி ரொட்டி உறை. இருபத்தெட்டாயிரம் என்று எழுதினேன். அதே வாரம் ரமணம்மா தன் ஊர்க்காரி ஒருத்திக்கு டிக்கெட் விசாரித்திருந்தாள். சென்னைக்குப் போக வர அவள் சொன்ன தொகை நினைவுக்கு வந்தது. பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். டிக்கெட்தான் முன்னூறு ரூபாய் குறைச்சல்.

எவ்வளவு நேரம் அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. யாரோ ஒருவர் கண்ணை மூன்று மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கிற காசில் என் கண்ணே போய்விட்டு வரலாம். இதை எழுதும்போது சுலபமாக இருக்கிறது. அன்றைக்குப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். போய்விட்டு வரலாம் என்பதில் போவது என் கையில் இருக்கிறது. வருவது இல்லை.

தேவகிக்குச் சொன்னேன். "ஆல்பம் பாதில நிக்கும். வேற ஆளுக்குக் குடுக்கற காசுல நான் டிக்கெட் எடுத்தா, உனுக்குப் பரவால்லியா?"

"நிஜங்கா வஸ்தாவாமா?" என்றாள். நிஜமாக வருவியா என்று தெலுங்கில். என்னிடம் அவள் தெலுங்கு பேசியது அதுதான் முதல் தடவை. விருந்தாளியிடம் பேசுகிற தமிழ் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

வீட்டம்மாவிடம் கேட்க இரண்டு நாள் ஆனது. அவர் பெரியம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று, எனக்குத் தெரிந்த அரபியில், மகள், கல்யாணம், பதினைந்து நாள் என்றேன். அவர் சீப்பை நிறுத்தினார்.

"போனால் திரும்பி வருவாயா?" என்று கேட்டார்.

நான் என்ன கேட்கப் பயந்திருந்தேனோ, அதையே அவர் பயந்துகொண்டு என்னிடம் கேட்டார். வருவேன் என்றேன். பெட்டகத்திலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். கார்டைப் புதுப்பிக்கும் தாளும் உள்ளே மடித்து வைத்திருந்தது. ஆனாலும் திரும்பி வந்து இந்தச் சமையலறையில் கால் வைக்கும் வரைக்கும் அந்தத் தாளை நான் நம்பவில்லை.

7

சென்னையிலிருந்து திருப்பதி பஸ். வடமாலபேட்டை வந்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. யாராவது அடையாளம் கண்டு, எப்போது வந்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டேன்.

மண்டபத்தில் மோகன் என்னைத் தேடிக்கொண்டு இரண்டு தரம் வந்தார். "அம்மா, ஒண்ணே ஒண்ணு, பொண்ணு பக்கத்துல." இரண்டு தரமும் நான் சாப்பாட்டுக் கூடத்துக்கு நழுவி, இலை துடைக்கிறவர்களோடு நின்றுகொண்டேன். புருஷன் இல்லாதவள் கல்யாணப் படத்தில் நிற்பதை மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ. அவர்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்குப் போதும். தாலி கட்டுவதைத் தூணுக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். கையில் இருந்த அட்சதையை அங்கிருந்தே போட்டேன். மேடை வரைக்கும் போய் விழவில்லை.

ஐந்து மணிக்கு மோகன் சொன்னபடி விளக்கை மடக்கினார். அந்தப் பெரிய வெளிச்சம் அணைந்ததும் மண்டபம் வீட்டுக்கூடம் மாதிரி ஆகிவிட்டது. பாதிப் பேர் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். சரோஜா பால் தட்டோடு வந்தாள். தேவகி எழுந்து நின்றாள். எல்லோரும் சரோஜாவைப் பார்த்தார்கள். சரோஜா தூணைப் பார்த்தாள்.

"இன்னும் அங்க நின்னுகினு இன்னா அண்ணி பாக்கற? கேமராக்காரன்தான் போயிட்டானே. வா, வந்து புடி."

"நீ பண்ணு சரோஜா. நீதான…"

"இருவது வருஷமா நான்தான் பண்ணிகினு கீறேன். கை வலிக்குது. வா."

மாப்பிள்ளையின் தாய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். நான் போனேன். பிள்ளையின் கை சில்லென்று இருந்தது. பாலில் நனைத்து எடுத்தபோது என் மணிக்கட்டு வழியாகப் பால் ஒழுகி ஜாக்கெட் நனைந்தது. கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகும் அவள் ஒரு விரல் என் விரலில் மாட்டிக்கொண்டிருந்தது.

செல்ஃபோனில் யாரும் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஒருவர் எடுத்தார். அதில் என் முதுகும் யாருடைய முழங்கையோ ஒன்றும் இருக்கின்றன.

8

நேற்று ஆல்பத்தைத் திறந்தேன். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார். முகம் கருப்பாக வரவில்லை. நாற்பது தாளில் முப்பத்திரண்டோடு படம் முடிந்துவிட்டது. மீதி எட்டும் வெள்ளை. வீட்டம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். "நீ எங்கே?" என்றார். வெள்ளைத் தாளைக் காட்டினேன். நான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்து, மறுபடி முதலிலிருந்து புரட்டித் தேடினார்.

இப்போது எனக்கு இருக்கும் பயம் வேறு. படத்தில் இருப்பதை மறந்தாலும் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இது மறந்துபோனால் எங்கே போய்ப் பார்ப்பேன்? அதனால் தினமும் மாவு பிசையும்போது விளக்கு அணைந்ததிலிருந்து ஒரு தரம் நினைத்துக்கொள்வேன். இன்று காலை தட்டில் வந்து நின்றுவிட்டேன். பித்தளையா, வெள்ளியா? வரவில்லை. ஒரு வருஷத்துக்குள் ஒன்று போய்விட்டது. மாவுக் கையோடு தேவகியைக் கூப்பிட்டேன். அவள் லேபில் இருந்தாள்.

"இன்னாமா, இந்நேரத்துல? உடம்பு சரியில்லியா?"

"அந்தப் பால் தட்டு எதுல பண்ணது?"

"எவர்சில்வர்தான். வீட்டுத் தட்டு. முன்ன நீ அனுப்பின காசுல சரோஜாம்மா வாங்கினது. ஓரத்துல கன்னியம்மான்னு பேரு வெட்டியிருக்குமே, நீ பாக்கல?"

இல்லை. நான் பார்க்கவில்லை.